தூத்துக்குடியில் ஒரு பகல்
சரக்கு வாங்கப் போகும் வணிகர்கள் ருசித்தும் விசாரித்தும் வர வேண்டியவை

வணிகர்களாகிய நமக்கு ஊர் சுற்றிப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை. கடையை மகனிடமோ தம்பியிடமோ ஒப்படைத்துவிட்டு இரவு வண்டி ஏறுகிறோம். காலையில் இறங்கி, மொத்தக் கடையில் விலை பேசி, லாரி ஆபீசில் சரக்கைப் புக்கிங் செய்து, அன்று இரவே திரும்பி விடுகிறோம். நடுவில் சாப்பாடு என்பது ரயிலடிக்கு எதிரில் எந்த ஓட்டல் கண்ணில் படுகிறதோ அதுதான். எந்த ஊருக்குப் போனாலும் அதே இட்லி, அதே அளவுச் சாப்பாடு. போன ஊரில் என்ன விளைகிறது, என்ன பிடிபடுகிறது, அந்த ஊர் மக்கள் எதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பருப்பு விலை பேசத் தூத்துக்குடி சென்றோம். வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. "வந்ததற்கு ஊர்ச் சரக்கு ஏதாவது வாங்கிப் போவோம், கடையில் வைத்தால் ஓடும்" என்று எண்ணி, வழியில் தென்பட்ட ஒரு கடையில் அவசரமாக நுழைந்தோம். மக்ரூன் 20 பாக்கெட், உடன்குடிக் கருப்பட்டி என்று சொன்னதை நம்பி 10 கிலோ, நெத்திலிக் கருவாடு 5 கிலோ. ருசி பார்க்கவில்லை. பில் கேட்கவில்லை. எங்கே செய்தது, எப்போது காய வைத்தது என்று விசாரிக்கவும் இல்லை.

ஒரே வாரத்தில் மூன்றும் கடைக்குத் திரும்பி வந்தன. மக்ரூன் நமத்துப் போயிருந்தது. கருப்பட்டியைக் காப்பியில் போட்டுக் குடித்த வாடிக்கையாளர், "இது வெறும் சீனிப்பாகு, அண்ணாச்சி" என்றார். கருவாட்டில் சிவப்புப் பூத்திருந்தது. இதையெல்லாம் விட மனதைச் சுட்டது வேறு. முட்டையைத் தொடாத ஒரு பெரியம்மா, மக்ரூனைப் பேத்திக்குக் கொடுத்துத் தாமும் சாப்பிட்டிருக்கிறார். அதில் முட்டை சேர்ந்திருப்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கடை வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விடலாம். அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது? நமக்கே தெரியாத ஒன்றை அவருக்கு எப்படிச் சொல்லியிருப்போம்?

அன்று முதல் தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் கொள்முதல் வேலையோடு ஊர் உணவைத் தேடுவதையும் ஒரு வேலையாக வைத்துக்கொண்டோம். அப்படித் தெரிந்துகொண்டவற்றை நம் சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முத்து போன பிறகும் முத்துநகர்

தூத்துக்குடியை முத்துநகர் என்று அழைக்கிறோம். சென்னையிலிருந்து அங்கே செல்லும் இரவு வண்டிக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்றே பெயர். ஆனால் அந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சரக்கு போய்விட்டது, பெயர் நிற்கிறது. இன்று அந்த ஊரைத் தாங்குவது துறைமுகம், உப்பு, மீன் ஆகிய மூன்றும்தான். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவரின் பெயர் அந்தத் துறைமுகத்துக்கு அமைந்தது வணிகர்களாகிய நமக்கெல்லாம் பெருமை. பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் இன்றும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன.

இந்த ஊரில் நமக்குக் கிடைப்பது காலை முதல் இரவு வண்டி வரை ஒரு பகல். அதில் விலை பேசும் வேலைக்கு நடுப்பகல் போதும். மொத்தக் கடைகள் சுறுசுறுப்பாவதற்கு முன் காலையில் ஒரு மணி நேரமும், மதியச் சாப்பாட்டு வேளையும், மாலையில் ஒரு மணி நேரமும் நம் கையில் இருக்கின்றன.

காலையில் திரேஸ்புரம்

கடல் உணவு தேடுபவர் முதலில் போக வேண்டிய இடம் ஓட்டல் அல்ல, கரை. தூத்துக்குடியில் மீன் இறங்கும் முக்கிய இடங்கள் இரண்டு. விசைப்படகுகள் மீன்பிடித் துறைமுகத்தில் கரை சேர்கின்றன. நாட்டுப்படகுகளும் வல்லங்களும் திரேஸ்புரத்தில் கரை சேர்கின்றன. தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குக் கடலுக்குப் போய் அன்றிரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது அங்குள்ள முறை. ஆகவே விசைப்படகு மீனின் ஏலம் இரவு வியாபாரம். இரவு வண்டியைப் பிடிக்கும் நமக்கு அது வாய்க்காது. ஒரு நாள் தங்குபவர் அவசியம் பார்க்கலாம். காலையில் இறங்குபவருக்கு ஏற்றது திரேஸ்புரம்தான்.

அங்கேயும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. தங்குகடல் போகும் நாட்டுப்படகுகள் சனிக்கிழமை கரை திரும்புவது வழக்கம். அன்று மீன்வரத்தும் அதிகம், கூட்டமும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மீனவ மக்கள் கோயிலுக்குப் போகும் நாள், கடலுக்குப் போவதில்லை. பனிமய மாதா பேராலயத் திருவிழா நிறைவுறும் ஆகஸ்ட் 5ஆம் தேதி ஊரே விழாக்கோலத்தில் இருக்கும். அன்று வேலையாகப் போகிறவருக்குத் தங்க இடம் கிடைப்பதே கடினம். பயணத் தேதியை முடிவு செய்யும்போதே இவற்றை யோசித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காக 2001இல் தமிழகத்தில் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017 முதல் 61 நாட்களாயிற்று. இந்தக் காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். எனவே திரேஸ்புரத்தில் மீன் அறவே இல்லாமல் போவதில்லை. குறைவாக இருக்கும், விலை கூடும். அந்த நாட்களில் ஓட்டலில் பெரிய மீன் தாராளமாகக் கிடைக்கிறது என்றால், அது வேறு கரையிலிருந்து வந்ததாகவோ ஐஸில் இருந்ததாகவோ இருக்கலாம். அது குற்றமல்ல. ஆனால் "இன்றைக்குப் பிடித்தது" என்று சொல்லி அதே விலை வாங்கினால் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்கக் கூடாது. அங்கே கூடை கூடையாகவும் எண்ணிக்கைக் கணக்கிலும் நொடியில் கை மாறுகிறது. ஒதுங்கி நின்று விலை எப்படி ஏறுகிறது, எந்த மீனுக்குப் போட்டி, எதை யார் எடுக்கிறார்கள் என்று கவனித்தாலே போதும். பெரிய நண்டும் கணவாயும் இறாலும் பெரும்பாலும் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் கைக்குப் போவதைப் பார்க்கலாம். மிச்சமுள்ள மீனில்தான் ஊர்ச் சாப்பாடு நடக்கிறது. ஏலம் முடிந்தபின் சில்லறைக்கு விற்கும் பெண்களிடம் நின்று பேசினால், அரை மணியில் ஒரு பாடம் படித்துவிடலாம். ஒரு நிபந்தனை: அவர்களும் வியாபாரிகள். போணி ஆகாத நேரத்தில் வெறுமனே கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பவரை நம் கடையில் நாம் எப்படி நடத்துவோமோ, அப்படியே அவர்களும் நடத்துவார்கள்.

ஒரே பெயர், வேறு மீன்

கரையில் நாம் கற்ற முதல் பாடம் பெயரைப் பற்றியது. சென்னைக்காரர் வஞ்சிரம் என்று சொல்லும் மீனை வேறு ஊர்களில் நெய்மீன் என்பார்கள். தூத்துக்குடியில் அது சீலா. விலை உயர்ந்த மீன். ஆனால் சென்னை மார்க்கெட்டில் சீலா என்று கேட்டால் நீண்ட வாயும் கூரிய பல்லும் உள்ள வேறு மீனைக் காட்டுவார்கள். அந்த மீனுக்குத் தூத்துக்குடியில் ஊளி என்று பெயர். விலையிலும் ருசியிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு ஊரிலும் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவருக்குத்தான் விவரம் போதவில்லை. தென்கோடியில் சாளை என்பதும் வேறு ஊர்களில் மத்தி என்பதும் அப்படியே ஒரே மீன்தான்.

மளிகைக்காரருக்கு இது புதிதல்ல. அரிசியிலும் பருப்பிலும் ஊருக்கு ஊர் பெயர் மாறுவதை நாம் அறிவோம். கருவாடு வாங்கும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும். பெயரை மட்டும் சொல்லிப் போனில் ஆர்டர் கொடுத்தால் வேறு சரக்கு வந்து இறங்கும். மீனைக் காட்டி, "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்டுச் சிட்டையில் குறித்துக்கொள்வதே முறை.

பச்சை மீனின் தரம் பார்ப்பது கடினமல்ல. கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும். குழி விழுந்து மங்கியிருந்தால் பழையது. செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். இறாலுக்குத் தலை தொங்கக் கூடாது. நண்டைக் கையில் எடுத்தால் அதன் அளவுக்கு நல்ல கனம் இருக்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே சதை இல்லை. மீனில் கடல் வாடை வரலாம், மூக்கைக் குத்தும் நெடி வரக் கூடாது.

மதியம்: பட்டியலைக் கேட்காதீர்கள்

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் "வஞ்சிரம் வறுவல் இருக்கிறதா?" என்று கேட்பது வெளியூர்க்காரர் வழக்கம். அப்படிக் கேட்டால் இருக்கிறது என்றே பதில் வரும். எப்போது வந்தது என்பது நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக "இன்றைக்கு என்ன மீன் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பரிமாறுபவர் நம்மைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். சாளையோ நெத்திலியோ விளைமீனோ, காலையில் கரையில் எதைப் பார்த்தோமோ அதுவே குழம்பில் கிடந்தால் அந்தக் கடையை நம்பலாம்.

தென்கோடி மீன்குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள். புளி கரைத்து, மிளகாயும் மல்லியும் தேங்காயோடு சேர்த்தரைத்து, கெட்டியாக இருக்கும். வடமாவட்டத்துப் புளிக்குழம்பு சாப்பிட்டுப் பழகியவருக்கு முதல் கவளம் வித்தியாசமாகப் படும். மூன்றாவது கவளத்தில் பிடித்துவிடும். சின்ன மீனைக் குறைவாக எண்ண வேண்டாம். சாளைக்கும் நெத்திலிக்கும் விலை குறைவு, அன்றாடம் வருவது, ருசிக்கும் குறைவில்லை. நான்கு பேராகப் போயிருந்தால் ஆளுக்கொரு மீன் வாங்கிப் பகிர்ந்துகொள்வது சிக்கனம், நாலு ருசியும் தெரியும்.

கடை எது என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. நாம் பெயர் சொல்வதில்லை. கடை மாறும், சமையல்காரர் மாறுவார். சரக்கு வாங்கும் மொத்தக் கடையில் மூட்டை தூக்கும் தொழிலாளியையும் கணக்குப் பிள்ளையையும் தனித்தனியே கேளுங்கள். இருவரும் ஒரே கடையைச் சொன்னால் யோசிக்காமல் போகலாம். 1 மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. நல்ல மெஸ்ஸில் மீன் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

மீன் சாப்பிடாத நம் உறுப்பினர்கள் வருந்த வேண்டியதில்லை. அவர்களுக்கு உரியவை பின்னால் வருகின்றன.

கருவாடும் மாசியும்

"நாய் விற்ற காசு குரைக்காது, மீன் விற்ற காசு நாறாது" என்பது பழமொழி. ஆனால் கருவாட்டைத் தவறாக வாங்கி வைத்தால் கடையே நாறும். நாம் பட்ட பாட்டில் சொல்கிறோம்.

நல்ல கருவாடு நன்றாக உலர்ந்து கையில் ஒட்டாமல் இருக்கும். நெத்திலியை ஒடித்தால் சடக்கென ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தால் எடை நமக்கு நஷ்டம், பூஞ்சையும் சீக்கிரம் வரும். மணல் இருக்கிறதா என்று ஒரு கை அள்ளித் தாளில் தட்டிப் பாருங்கள். தரையில் மணல்மேல் காய வைத்த சரக்கையும், மேடையிலோ வலையிலோ காய வைத்த சரக்கையும் அதிலேயே பிரித்துவிடலாம். சிவப்பாகப் பூத்த கருவாட்டைக் கண்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். உப்பில் வாழும் ஒரு வகைக் கிருமி அது. ஒரு சிப்பத்தில் வந்தால் பக்கத்துச் சிப்பத்துக்கும் பரவும். ஈ மொய்க்கவே இல்லை, துளி வாடையும் இல்லை என்றால் மகிழ்ந்துவிட வேண்டாம். எதையாவது தெளித்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கடைக்கு வந்தபின் காற்றோட்டமான தனி இடத்தில் வையுங்கள். டீத்தூள், அரிசி, மாவு அருகில் வைத்தால் அந்தச் சரக்கும் போயிற்று.

மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போலக் காய வைப்பது. இலங்கைச் சமையலில் சம்பலுக்கும் கறிக்கும் அது இல்லாமல் முடியாது. இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கும் பகுதியில் கடை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வாங்கி வைத்துப் பார்க்கலாம். கட்டையாகவே வாங்குவது உத்தமம். இடித்த தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது இடித்தவருக்கே வெளிச்சம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மன்னார் வளைகுடா பாதுகாக்கப்பட்ட கடல். அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடல் அட்டை பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் தடை. கடல் ஆமையும் கடல் குதிரையும் அப்படியே. யாராவது காதோரம் வந்து நல்ல லாபம் வரும் என்று சொன்னால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். வாங்கியவர், வைத்திருந்தவர், கொண்டுபோனவர் எல்லோர் மேலும் வழக்கு வரும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊருக்குள் நுழையும்போதே வெள்ளைக் குவியல்களைப் பார்ப்பீர்கள். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் உப்பளங்களில் வேலை நடக்கிறது. வெயிலில் உப்பு வாரும் தொழிலாளர்களைப் பார்த்தால் நம் கடையில் மிகக் குறைந்த விலைச் சரக்கு எவ்வளவு பாடுபட்டு வருகிறது என்பது தெரியும். அளத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதா உப்பை மூட்டையாக வாங்கி வந்து சமையலுக்கு விற்கக் கூடாது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பது 2006 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

மக்ரூனில் முட்டை உண்டு

தூத்துக்குடி என்றதும் எல்லோரும் வாங்கி வரச் சொல்வது மக்ரூன். முந்திரிப் பருப்பு, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு ஆகிய மூன்றும்தான் சரக்கு. வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சீனியும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் பேக்கரி அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். போர்த்துகீசியர் வழி வந்த பண்டம் என்பது ஊர் வழக்கு. மேல்நாட்டில் பாதாம் போட்டுச் செய்வது, இங்கே முந்திரிக்கு மாறியது.

நல்ல மக்ரூன் வாயில் போட்டதும் கரைய வேண்டும், முந்திரி நாக்கில் தட்டுப்பட வேண்டும். வெறும் சீனி இனிப்பு மட்டும் தெரிந்தால் முந்திரியில் கை வைத்துவிட்டார்கள் என்று பொருள். காற்றுப் பட்டால் அது நமத்துவிடும். எனவே அன்று அல்லது முந்தின நாள் செய்ததைக் கேட்டு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கச் சொல்ல வேண்டும். கடையில் கண்ணாடி ஜாடியைத் திறந்து திறந்து சில்லறைக்கு விற்கும் சரக்கல்ல இது. சிறு பாக்கெட்டாக வாங்கி அப்படியே விற்பதே நல்லது.

முட்டை சேர்ந்த பண்டம் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அசைவத்தில்தான் சேரும். பாக்கெட்டின் மேல் பச்சை வட்டம் இருக்கக் கூடாது. பழுப்பு நிற முக்கோணம் இருக்க வேண்டும். கூடவே 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, எடை, விலை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சு இருந்தாலும் வாயாலும் சொல்லிவிடுங்கள். "இதில் முட்டை உண்டு, வீட்டில் சாப்பிடுவீர்களா?" என்று கேட்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியை நாம் செலவழிக்காததால்தான் ஒரு பெரியம்மாவின் முன் தலைகுனிந்து நின்றோம்.

சைவ வாடிக்கையாளருக்கு அதே மாவட்டத்தில் முதலூர் மஸ்கோத் அல்வா இருக்கிறது. தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டுவது. முட்டை இல்லை.

கருப்பட்டி, கடலைமிட்டாய், வெற்றிலை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆத்தூர் வருகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் அந்த ஊர் வெற்றிலைக்கும், திருச்செந்தூரை அடுத்த உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை செல்லும் வழியிலுள்ள கோவில்பட்டியின் கடலைமிட்டாய்க்கு 2020இலேயே கிடைத்துவிட்டது. இவையெல்லாம் சைவ வணிகர்களும் தாராளமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். கோடையில் போனால் பனையோலைப் பட்டையில் பதநீரும் நுங்கும் கிடைக்கும். மற்ற நாட்களில் கருப்பட்டிக் காப்பி இருக்கவே இருக்கிறது.

பதநீர் இறங்கும் பருவம் ஆண்டின் முற்பாதி. அந்தச் சமயத்தில் வாங்கிய கருப்பட்டிக்கும், பருவம் போன பிறகு கிடைக்கும் கருப்பட்டிக்கும் விலை வித்தியாசம் இருப்பது இயல்பு. பருவம் இல்லாத காலத்தில் ஒருவர் மிக மலிவாகக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும். கருப்பட்டியில் சீனி கலப்பது எல்லோரும் அறிந்த சங்கதி. வியாபாரிகள் பார்க்கும் முறை இது: ஒன்றை உடைத்துப் பாருங்கள். பளபளவென்று கல் போல இருந்து, உடைத்த இடத்தில் சீனி மின்னினால் கலப்படம். நல்ல கருப்பட்டி மங்கலாக இருக்கும், பனை வாசம் வரும், வாயில் போட்டால் இனிப்போடு லேசான கரிப்பும் தெரியும். கடைசியில் நாக்குத்தான் சாட்சி. நல்ல கருப்பட்டியை ஒரு தடவையாவது சாப்பிட்டவருக்குத்தான் மற்றது தெரியும்.

இங்கே சட்டமும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. குறியீடு பெற்ற ஊர்ப் பெயரைப் பொய்யாகப் போட்ட சரக்கை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. செய்தவர் மட்டுமல்ல, விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். தக்க எச்சரிக்கையோடு வாங்கினோம், பொய் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை, யாரிடம் வாங்கினோம் என்ற விவரத்தையும் கேட்டதும் கொடுத்துவிட்டோம் என்று காட்ட முடிந்தால் தப்பிக்க வழியுண்டு. அதைக் காட்ட வேண்டுமானால் கையில் பில் இருக்க வேண்டும். நாம் அன்று பில் இல்லாமல் வாங்கிய 10 கிலோ கருப்பட்டியை இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மாலையில் 'நைட் கிளப்'

வண்டி ஏறுமுன் இரவுச் சாப்பாடு. தூத்துக்குடியில் யாராவது "வாங்க, நைட் கிளப்பில் சாப்பிடுவோம்" என்று அழைத்தால் பயப்பட வேண்டாம். மாலையில் அடுப்பு மூட்டும் பரோட்டாக் கடைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். கல்லில் பரோட்டா புரள, பக்கத்தில் சால்னா கொதிக்க, வாசலில் கூட்டம் நிற்கும். வேலை முடிந்து வரும் துறைமுகத் தொழிலாளியும் கார் வைத்திருக்கும் முதலாளியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கே பார்க்கலாம். சூடாகப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊற வைத்துச் சாப்பிட்டால் ரயிலில் நன்றாகத் தூக்கம் வரும்.

சரக்கை மட்டும் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்ததுமே கருவாடு, கருப்பட்டி, மக்ரூன் எல்லாவற்றையும் இரண்டு மூன்று கடையில் ருசி பார்த்து, விலை விசாரித்து, வாங்கிக் கட்டிவிட வேண்டும். வண்டி நேரத்தில் வாங்குகிறவரின் அவசரம் விற்பவருக்கு நன்றாகத் தெரியும். நம் கடையில் நாமும் அதைப் பார்த்திருக்கிறோம்.

உறுப்பினர்கள் கவனத்திற்கு

தூத்துக்குடி ஓர் உதாரணம்தான். நாகப்பட்டினமோ கடலூரோ குளச்சலோ, எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்பதே நாம் சொல்ல வந்தது.

1. இதற்கு இந்த ஊரில் என்ன பெயர், எங்கள் ஊரில் என்ன பெயர்?
2. இது எந்தப் பருவத்துச் சரக்கு, இப்போது பருவமா?
3. இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, செய்தவர் யார்?

முதல் தடவை 2 கிலோவுக்கு மேல் எதையும் வாங்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிடுங்கள். வீட்டார் மறுபடி கேட்டால் அப்புறம் கடைக்கு வாங்கலாம்.

இன்று பெரிய அங்காடிகளில் எல்லா ஊர்ப் பண்டங்களும் பளபளக்கும் பையில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டிலிருந்தபடியே போனில் ஆர்டர் கொடுத்தால் வாசலுக்கே வருகின்றன. விலையிலும் அடுக்கிலும் அவர்களோடு நாம் போட்டி போடுவது சிரமம். ஆனால் "இது உண்மையான உடன்குடிக் கருப்பட்டிதானா, அண்ணாச்சி? இந்த நெத்திலி எங்கே காய வைத்தது?" என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது. நம் கடையில் நாம் இருக்கிறோம். அந்தப் பதில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெரியம்மா இப்போதும் நம் கடைக்கு வருகிறார். சென்ற முறை தூத்துக்குடியிலிருந்து திரும்பியதும் அவருக்கு ஒரு கருப்பட்டியை எடுத்துக் கொடுத்து, "இது நானே உடைத்துப் பார்த்து வாங்கியது, அம்மா" என்றோம். முகர்ந்து பார்த்துவிட்டு, "அரை கிலோ போடுங்க" என்றார்.